புதிய பேருந்து நிலையமும் புதிய மனைப்பிரிவும்: முடிவு எங்கே ஆகிறது, வணிகர் எப்போது பேச வேண்டும்?

ஊருக்குப் புதிதாக ஒரு பேருந்து நிலையமோ, வணிக வளாகமோ, பெரியதொரு வீட்டுமனைப் பிரிவோ வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் முதலில் கலங்குபவர் கடைக்காரர்தான். "இந்த இடம் போய்விடுமாமே, நம் கடை என்ன ஆகும்?" என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கிறோம். யாரோ சொன்னதை இன்னொருவரிடம் சொல்கிறோம். ஆனால் அந்தத் திட்டம் எந்த அலுவலகத்தில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நம் கருத்தைச் சொல்ல வழி உண்டா, உண்டென்றால் கடைசி நாள் எது என்று விசாரிப்பவர் நம்மில் மிகச் சிலரே. கடைசியில் கடையைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்த பிறகு கடையடைப்பு, உண்ணாவிரதம், வழக்கு என்று ஓடுகிறோம்.

நிலம் சம்பந்தப்பட்ட எந்தத் திட்டமும் ஒரே நாளில் முடிவாவதில்லை. அதற்குப் படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு கொஞ்ச நாள் திறந்திருக்கும், பிறகு மூடிவிடும். திறந்திருக்கும்போது ஒரு மனு செய்யும் வேலையை, மூடிய பிறகு பத்து கடையடைப்பாலும் செய்ய முடியாது. அந்தப் படிகளை நம் பகுதியின் நிகழ்ச்சிகளை வைத்தே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

நம் ஊர்கள் மாறிவரும் விதம்

சேலமும் நாமக்கல்லும் சந்தையால் வளர்ந்த ஊர்கள். செவ்வாய்ப்பேட்டை என்ற பெயரிலேயே வாரச் சந்தையின் நாள் இருக்கிறது. லீ பஜாரின் மண்டிகளுக்கு ஆத்தூர், ராசிபுரம், ஓமலூர், சங்ககிரி என்று நாலா பக்கத்துக் கடைக்காரர்களும் சரக்கு வாங்க வந்து பழகியவர்கள். நாமக்கல்லில் கோட்டை மலையைச் சுற்றிக் கடைவீதி வளர்ந்தது. திருச்செங்கோடும் ராசிபுரமும் சுற்றுக் கிராமங்களின் வரவை நம்பியே நின்றன.

சேலம் நகராட்சி 1994 ஜூன் முதல் நாள் மாநகராட்சி ஆயிற்று. 1997 ஜனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2024 ஆகஸ்டில் நாமக்கல்லும் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. இதற்கிடையே நான்கு வழிச் சாலையும் புறவழிச் சாலையும் வந்தன. மரவள்ளியும் நிலக்கடலையும் விளைந்த காடுகளில் இன்று வண்ணம் அடித்த எல்லைக் கற்கள் நிற்கின்றன. ஊர் வளர்வதில் நமக்கு வருத்தம் இல்லை. வீடு பெருகினால் மளிகை பெருகும். ஆனால் ஊர் எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமே வியாபாரமும் நகர்கிறது. நகரும் வியாபாரம் தானாக நம் கடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

இந்த விஷயத்தில் நமக்கு என்ன நஷ்டம் என்று அதிகாரிகளுக்கும் கவுன்சிலர்களுக்கும் பல நேரம் புரிவதில்லை. "கொஞ்சம் வியாபாரம் குறையும், பிறகு சரியாகிவிடும்" என்கிறார்கள். சிறு கடையின் கணக்கு அப்படி இல்லை. உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம்.

நாள் ஒன்றுக்கு விற்பனை 15,000 ரூபாய். ரூபாய்க்குப் பத்து பைசா என்று வைத்தால் கிடைப்பது 1,500. கடை வாடகை, கரண்டு பில், ஆள் சம்பளம், சரக்குக் கடனுக்கு வட்டி எல்லாம் சேர்ந்து 1,100 போகிறது. மிச்சம் 400 ரூபாய். அதுதான் குடும்பச் செலவு, பிள்ளைகள் படிப்பு எல்லாம்.

பேருந்து நிலையம் தள்ளிப் போனதால் ஐந்தில் ஒரு பங்கு வியாபாரம் குறைகிறது என்று கொள்வோம். விற்பனை 12,000. கிடைப்பது 1,200. வாடகையும் சம்பளமும் வட்டியும் குறையவில்லை, அதே 1,100. மிச்சம் 100 ரூபாய். அதாவது விற்பனை குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, வருமானம் குறைந்ததோ நான்கில் மூன்று பங்கு. விற்பனை 11,000 ரூபாயைத் தொட்டால் மிச்சம் பூஜ்யம். அன்றிலிருந்து முதலைத் தின்கிறோம்.

ஆகவே "கொஞ்சம் குறையும்" என்ற சொல்லை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. எவ்வளவு குறையும் என்று கேட்க வேண்டும். அதைவிட நாமே கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும். எப்படி எடுப்பது என்பதைப் பின்னால் கூறுகிறோம்.

சேலம் பழைய பேருந்து நிலையம் சொல்லும் பாடம்

சேலத்தில் வெளியூர் பஸ்கள் மெய்யனூர் பக்கம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போனபோது, டவுன் பஸ்கள் பழைய நிலையத்திலேயே நின்றன. இதனால் புதிய நிலையத்தைச் சுற்றி ஓட்டல்களும் விடுதிகளும் வளர்ந்தன. அதே சமயம் பழைய கடைவீதியும் பிழைத்துக்கொண்டது. கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இறங்கியவர் நடந்து போய்ச் சரக்கு வாங்கித் திரும்ப முடிந்தது. ஒன்று வந்தால் இன்னொன்று அழிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சாட்சி இது.

அடுத்த மாற்றம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தால் வந்தது. 2016 செப்டம்பரில் சேலம் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பழைய பேருந்து நிலையத்தை இடித்து, கடைகளுடன் கூடிய ஈரடுக்குப் பேருந்து நிலையம் கட்டுவது அதில் முக்கியமான வேலை. கட்டுமானம் நடந்த காலத்தில் பஸ்கள் போஸ் மைதானத்துக்கு மாற்றப்பட்டன. புதிய ஈரடுக்கு நிலையத்தை 2023 ஜூன் 11-ஆம் நாள் முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். இடித்த நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடையே போன வருடங்கள் சுற்றியிருந்த கடைகளுக்குச் சோதனைக் காலம். அதன் நடுவே கொரோனா வேறு வந்து சேர்ந்தது.

வணிகர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. தமிழ்நாட்டில் நகர உள்ளாட்சி மன்றங்களின் பதவிக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். ஊர் நடுவில் பெரிய வேலைகள் முடிவான காலம் அது. சேலத்தின் 60 வார்டுகளில் எந்த வார்டுக்காரரும் மன்றத்தில் எழுந்து நின்று "எங்கள் பகுதிக் கடைக்காரர்களின் கதி என்ன?" என்று கேட்கும் நிலை இல்லை.

தனி அலுவலர்கள் எல்லாம் தவறு செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. ஒரு முடிவை எடுப்பவர் நம் ஓட்டை நம்பி இல்லாதபோது, நம் குரல் தானாகப் போய்ச் சேராது என்பதே கருத்து. அத்தகைய காலத்தில் சங்கத்தின் மனுவும், தேதி போட்ட ரசீதும்தான் நம் கவுன்சிலர். இதே நிலை ஊராட்சிகளுக்கும் வந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மனைப்பிரிவுகள் பெரும்பாலும் ஊராட்சி எல்லையில்தான் போடப்படுகின்றன என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாமக்கல், ராசிபுரம், திருச்சி

நாமக்கல்லில் முதலைப்பட்டியில் கட்டப்பட்ட புதிய பேருந்து நிலையம் 2024 அக்டோபர் 22-ல் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையை ஒட்டிய இடம். வெளியூர் பஸ்ஸுக்கு வசதி, நகருக்குள் நெரிசலும் குறையும். ஆனால் பரமத்தி, மோகனூர், சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வந்து கடைவீதியில் இறங்கிப் பழகிய வாடிக்கையாளர் இனி எங்கே இறங்குகிறார் என்பதுதான் கடைக்காரருக்குக் கேள்வி.

ராசிபுரத்தில் நடந்தது இன்னும் காரசாரமானது. பேருந்து நிலையத்தை நகரை விட்டுத் தள்ளி அணைப்பாளையத்துக்கு மாற்றும் யோசனை 2024-ல் நகர்மன்றம் வரை வந்தது. வணிகர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் போயிற்று. சிறிய நகரம் ஒன்றின் பேருந்து நிலையம் எங்கே இருக்க வேண்டும் என்பது மன்றத்தில் ஒரு பொருளாக வாசித்து முடிக்கும் விஷயம் அல்ல, ஊரின் பிழைப்பையே தொடும் விஷயம் என்பதை அது எல்லோருக்கும் உணர்த்தியது.

வணிகரைக் கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சியைப் பார்க்கலாம். காந்தி மார்க்கெட்டில் இடநெருக்கடி என்று மதுரை சாலையில் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாய் செலவில் காய்கனி, பூ மார்க்கெட் வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். கட்டிடம் தயார், வியாபாரிகள் போகவில்லை. கடைகள் சிறியவை, மூட்டை இறக்கி அடுக்க இடம் போதாது, ஊரை விட்டு வெகு தூரம், சில்லறைக் கடைக்காரர் அங்கே வர மாட்டார் என்பது அவர்கள் சொன்ன காரணம். வளாகம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. வழக்குகள் நடந்தன. பிறகு பஞ்சப்பூரில் புதிய இடம் பார்த்துத் திட்டம் போட வேண்டியதாயிற்று. ஒரு மண்டி வியாபாரிக்குக் கடை எத்தனை அடி வேண்டும், லாரி எங்கே திரும்ப வேண்டும் என்பதை முன்பே உட்கார்ந்து கேட்டிருந்தால் இவ்வளவு பணம் முடங்கியிருக்காது.

இதற்கு மாறாகச் சென்னையைப் பாருங்கள். கொத்தவால் சாவடி வியாபாரிகளும் முதலில் இடம் மாறத் தயங்கினார்கள். ஆனால் 1996-ல் திறக்கப்பட்ட கோயம்பேடு மார்க்கெட்டில் கடைகள் வியாபாரிகளுக்கே விலைக்குக் கொடுக்கப்பட்டன. காய்கறி, பழம், பூ மூன்றும் ஒரே இடத்துக்கு வந்தன. மொத்த வியாபாரமும் சேர்ந்தே நகர்ந்ததால் வாங்குபவர்களும் கூடவே வந்தார்கள். பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்றால் இரண்டு இடமும் உருப்படாது. சொந்தக் கடை என்ற உறுதியும், எல்லோரும் சேர்ந்து போவதும் இருந்தால் இடமாற்றத்தையும் வியாபாரி தாங்கிக்கொள்வார் என்பது அதில் தெரிகிறது.

கோப்பு எப்படி நகர்கிறது?

இனி நடைமுறைக்கு வருவோம். நிலத் திட்டங்கள் முக்கியமாக நான்கு படிகளைக் கடக்கின்றன.

முதல் படி, நில உபயோகம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன்படி முழுமைத் திட்டம் எனப்படும் மாஸ்டர் பிளான் போடப்படுகிறது. எந்த சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். மாஸ்டர் பிளானின் வரைவை வெளியிட்ட பிறகு, ஆட்சேபணைகளும் யோசனைகளும் எழுத்து மூலம் தெரிவிக்கக் குறைந்தது 2 மாதம் அவகாசம் தர வேண்டும். திட்டத்தில் விவசாயம் என்று இருக்கும் நிலத்தைக் குடியிருப்பாகவோ வணிகமாகவோ மாற்றக் கேட்டாலும் பத்திரிகை அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பது வழக்கம். பத்திரிகையின் உள் பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை நாம் படிப்பதே இல்லை. நகரின் போக்கு உண்மையில் அங்கேதான் முடிவாகிறது. மாஸ்டர் பிளான் இல்லாத கிராமப் பகுதிகளில் விளைநிலத்தை மாற்ற வேளாண்மைத் துறையின் கருத்தும் பெற வேண்டும்.

இரண்டாவது படி, தொழில்நுட்ப ஒப்புதல். இதை உள்ளூர் திட்டக் குழுமமோ நகர் ஊரமைப்பு இயக்கக அலுவலகமோ தருகின்றன. சாலை அகலம், திறந்தவெளி, வாகனம் நிறுத்துமிடம் ஆகியவை இங்கே பார்க்கப்படும். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பணமாகக் கட்ட முடியாது, இடமாகவே கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது படி, உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல். மனைப்பிரிவின் சாலைகளையும் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே இது கிடைக்கும். உள்ளாட்சியின் சொந்த இடத்தில் வளாகம் கட்டுவது, பேருந்து நிலையத்துக்கு இடம் ஏற்பது, கடைகளை ஏலம் விடுவது போன்றவை மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் தீர்மானமாக வரும்.

நான்காவது படி, ஒப்பந்தப்புள்ளியும் வேலை உத்தரவும். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஒப்பந்தக்காரரின் பணமும் அரசின் மானியமும் உள்ளே வந்துவிடும். அதன் பிறகு மனுக் கொடுத்தால் "எங்கள் கையில் இல்லை" என்றுதான் பதில் வரும். நம் போராட்டங்களில் பெரும்பாலானவை இந்த நான்காவது படியில்தான் ஆரம்பிக்கின்றன. ஆரம்பிக்க வேண்டியது முதல் படியிலும் மூன்றாவது படியிலும்.

இலவசமாக வரும் இடம்

பொதுக் காரியத்துக்குத் தனியார் இடம் தானமாகக் கொடுப்பது நல்ல வழக்கம். நம் ஊர்களில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அப்படி எத்தனையோ வந்தன. ஆயினும் பேருந்து நிலையம் போன்றவற்றுக்கு இடம் வரும்போது மன்றம் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: சுற்றியுள்ள நிலம் யாருடையது, அதன் உபயோகம் என்ன?

ஐந்து ஏக்கர் தானத்தால் பக்கத்து ஐம்பது ஏக்கரின் விலை ஏறும் என்றால், அந்த ஏற்றத்தில் ஊருக்கு என்ன பங்கு என்று கேட்பது குற்றம் ஆகாது. சாலை, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாவற்றையும் அவ்வளவு தூரம் கொண்டுபோகும் செலவு உள்ளாட்சியின் தலையில் விழும். அது பிறகு சொத்து வரியாக நம் கடைக்கே திரும்பி வரும். இடம் இலவசம் என்றாலும் திட்டம் இலவசம் அல்ல. இதை யார் மீதும் குறை சொல்லும் எண்ணத்தில் எழுதவில்லை. வரவு செலவு இரண்டும் பார்த்துத்தான் எந்த வியாபாரியும் சரக்கு எடுப்பார். மன்றமும் அப்படிச் செய்ய வேண்டும் என்றே கேட்கிறோம்.

உள்ளாட்சிக் கடையில் இருப்பவர்களுக்கு

நகராட்சி, மாநகராட்சிக் கடைகளில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எத்தனை வருடம் இருந்தாலும் நாம் குத்தகைதாரரே. முன்பு இருந்தவருக்குப் பகடி கொடுத்தோம் என்பதற்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. பழைய கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால் கடைகள் பொதுவாகப் பகிரங்க ஏலத்துக்கு வரும். ஏலத்தில் வெளியூர்ப் பணம் போட்டியிட்டால் பழைய வாடகையைப் போலப் பல மடங்கு கேட்கவும் கூடும்.

ஆகவே இடிப்பதற்கு முன்பே, பழைய குத்தகைதாரருக்கு முன்னுரிமை உண்டா, உண்டென்றால் எந்த வாடகைக்கு, எத்தனை சதுர அடி, தரைத் தளமா மேல் தளமா, முன்வைப்புத் தொகை எவ்வளவு என்பதைத் தீர்மானத்திலேயே எழுத வைக்க வேண்டும். வாய் வார்த்தையாக ஒருவர் சொன்னதை அடுத்து வருபவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். இடைக்காலக் கடை எங்கே, தண்ணீர், கழிப்பறை, கரண்டு உண்டா, வேலை எத்தனை மாதத்தில் முடியும், தாமதமானால் இடைக்கால வாடகையில் சலுகை உண்டா என்பதையும் கேட்க வேண்டும். வாடகை பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கி வைத்தவர் உரிமை பேச முடியாது.

புதிய மனைப்பிரிவில் கடை வாங்குவோருக்கு

ஊர் வெளியே போகிறது, நாமும் அங்கே ஒரு கடை போடலாம் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் மனை விற்பதும் வீடு எழும்புவதும் ஒன்றல்ல. முந்நூறு மனை விற்றாலும் பலர் முதலீடாகப் போட்டு வைப்பார்கள். அடுப்பு எரியும் வீடுகளை எண்ணிப் பாருங்கள், மனைக் கற்களை எண்ணாதீர்கள். பால் எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று பால்காரரைக் கேட்டால் சரியான எண்ணிக்கை கிடைத்துவிடும்.

பத்திரம் விஷயத்தில் 2016 செப்டம்பரை மறக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. மனையை நம்பிப் பணம் போட்ட எத்தனையோ பேர் திகைத்து நின்றார்கள். பிறகு 2017-ல், 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. ஆகவே அங்கீகார எண் இல்லாத மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். அங்கீகார வரைபடத்தில் அந்த மனை கடைக்கு என்று இருக்கிறதா, குடியிருப்பு என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், எட்டுக்கு மேற்பட்ட பிரிவுகள் கொண்ட திட்டங்கள் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவாக வேண்டும். ரெரா எண் என்று விளம்பரத்தில் போடுவது அதுதான். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க விற்பவருக்கு உரிமை இல்லை. வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். கடையின் பரப்பையும் சுவருக்குள் உள்ள உபயோகப் பரப்பாகவே சொல்ல வேண்டும். வராந்தாவையும் மாடிப்படியையும் சேர்த்துக் கணக்குக் காட்டினால் ஏற்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. தாலுகாவுக்கு இரண்டு உறுப்பினர்களைச் சங்கம் பொறுப்பாக்க வேண்டும். பத்திரிகையில் வரும் நில உபயோக மாற்ற அறிவிப்புகளையும், மன்றக் கூட்டப் பொருள் நிரலையும் மாதந்தோறும் பார்ப்பது அவர்கள் வேலை.

2. திட்டம் பற்றிப் பேச்சு வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். சாத்தியக்கூறு அறிக்கை, வரைபடம், மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். கேள்வியாகக் கேட்காமல் ஆவணமாகக் கேட்டால் பதில் கிடைக்கும்.

3. இரண்டு வாரம் கணக்கெடுங்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. பஸ்ஸில் வந்தவர், உள்ளூரில் நடந்து வந்தவர், வண்டியில் வந்தவர் என்று மூன்று கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கோடு போட்டு, எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினார் என்றும் குறியுங்கள். ஐம்பது கடைகளின் நோட்டு சேர்ந்தால் எந்த நிபுணரின் அறிக்கைக்கும் குறையாத சான்று அது. "எங்கள் பிழைப்புப் போகும்" என்ற குரலை மன்றம் பல முறை கேட்டிருக்கும். "எங்கள் விற்பனையில் இவ்வளவு பங்கு டவுன் பஸ்ஸில் வருகிறது" என்ற கணக்கை அது அதிகம் கேட்டிருக்காது.

4. வேண்டாம் என்று மட்டும் எழுதாமல் மாற்று யோசனையும் எழுதுங்கள். வெளியூர் பஸ் அங்கே, டவுன் பஸ் இங்கே என்று பிரிப்பது, கடைவீதி வழியாக இணைப்புப் பஸ் விடுவது, சரக்கு லாரிக்கு நேரம் ஒதுக்குவது போன்றவை மன்றம் ஏற்கக்கூடியவை. ஒரு வழியையும் கூடவே காட்டினால் மறுப்பது கடினம்.

5. நகரத்தில் வார்டு குழு, பகுதி சபைக் கூட்டங்களுக்கும், ஊராட்சியில் கிராம சபைக்கும் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வியாபார நாள் என்று நாம் போவதில்லை. வீட்டுக்கு ஒருவராவது போய், சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு வர வேண்டும்.

6. மனுவை நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அல்லது சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால், அவகாசத்துக்குள் ஆட்சேபித்தோம் என்பதற்கு அதுவே ஆதாரம்.

7. மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, தள்ளுவண்டிக்காரர் என்று நாம் பிரிந்து நின்றால், "வணிகர்களிலேயே ஒரு பகுதியினர் ஆதரிக்கிறார்கள்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். மனுப் போடுவதற்கு முன்பே நமக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

வளர்ச்சியை நாம் தடுப்பவர்கள் அல்ல. நெரிசலில் மூட்டை இறக்க இடமில்லாமல் தவிப்பவர்களும் நாமே. நல்ல நிலையமும் அகலமான சாலையும் நமக்குத்தான் முதலில் வேண்டும். நாம் கேட்பதெல்லாம், ஊரின் நிலத்தைப் பற்றிப் பேசும்போது அந்த நிலத்தில் பிழைப்பவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்பதே. அந்த நாற்காலியை யாரும் நமக்குத் தேடிக் கொண்டுவந்து போட மாட்டார்கள். அறிவிப்பு வரும் நாளில் நாமே போய் உட்கார வேண்டும். இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பகுதியில் பேச்சில் இருக்கும் திட்டம் எது, அது எந்தப் படியில் இருக்கிறது என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.